வன்னி வளவில் கார்த்திகைப்பூ வளர்க்கும் முறை

மாரி தொடங்கி இரண்டு மூன்று நல்ல மழை விழுந்த பிறகு, வன்னியின் பற்றைக்காட்டு ஓரங்களிலும் குளக்கட்டுச் சரிவுகளிலும் ஆளில்லாத வளவுகளின் வேலிகளிலும் யாரும் நடாத ஒரு கொடி தலை நீட்டும். ஐப்பசி முடிவதற்குள் வேலியின் உயரத்தை எட்டி, கார்த்திகையில் மஞ்சளும் சிவப்புமாகப் பூத்து, தை பிறந்து மழை ஓய்ந்ததும் வாடி, மாசியில் அது நின்ற இடமே தெரியாதபடி மறைந்துவிடும். நாம் கார்த்திகைப்பூ என்று அழைக்கும் இக்கொடிக்குச் செங்காந்தள் என்பது பழைய பெயர். கலப்பைக் கிழங்கு என்பது நாட்டு மருத்துவர் வழங்கும் பெயர். நியங்கலா என்பது சிங்களப் பெயர். லின்னேயசு 1753 இல் இதற்கு இட்ட குளோரியோசா சுப்பர்பா என்ற அறிவியற் பெயரே இன்றும் வழங்குகிறது. ஆபிரிக்காவிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் தானாகவே வளரும் இது, தமிழ்நாட்டின் மாநில மலராகவும் சிம்பாப்வேயின் தேசிய மலராகவும் இருக்கிறது. வன்னியிலோ, கார்த்திகை மாதத்தில் இப்பூவைக் காணும் பல வீடுகளில் பிரிந்துபோனவர்களின் நினைவே முதலில் வரும் என்பதால், இதை வெறும் அலங்காரச் செடியாக நினைத்து நடுபவர்கள் குறைவு.

இதை வளர்ப்பதற்குத் தேவைப்படும் உழைப்பு மிகச் சிறியது. உரக்கடைக்குப் போகவேண்டியதில்லை, மாரியில் தண்ணீர் ஊற்றவேண்டியதில்லை, ஒருமுறை நட்டால் ஆண்டுதோறும் தானே வரும். ஆயினும் பலர் வளவுகளில் இது ஓராண்டு பூத்துவிட்டு மறுபடி வராமற் போவதைக் கண்டிருக்கிறேன். அதற்குக் காரணம் பெரும்பாலும் பூக்கும் காலத்தில் நேர்ந்த குறை அன்று. கொடி மண்ணுக்குள் உறங்கும் ஏழெட்டு மாதங்களில், அங்கே ஒன்றும் இல்லை என்று எண்ணி நாம் செய்யும் வேலைகளே காரணம். ஆகவே இந்தக் கட்டுரையில் நடும் முறையைப் போலவே கோடைகாலத்தையும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நஞ்சைப் பற்றி

நடுவதற்கு முன்னரே ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டியது, இக்கொடியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு என்பதாகும். கிழங்கிலும் விதையிலும் கொல்சிசின் என்ற நச்சுப்பொருள் மிகுதியாக உள்ளது. இலங்கையில் இதன் கிழங்கை உண்ணத்தக்க கிழங்கு என்று எண்ணி அவித்து உண்டு உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். அவித்தாலும் நஞ்சு நீங்காது. உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் கடுமையான வயிற்றோட்டமும் தொடங்கும். பிறகு சற்றுத் தணிந்ததுபோலத் தோன்றினாலும் உள்ளுறுப்புகள் பாதிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். எனவே ஒருவர் இதில் எதையாவது விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, அறிகுறி தெரியும்வரை காத்திராமல், கைவைத்தியம் பாராமல், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழைத்தோ கிடைத்த வாகனத்திலோ வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். செடியின் ஒரு துண்டையும் உடன் எடுத்துச் செல்வது மருத்துவருக்கு உதவும்.

இதனால் இடம் தெரிவதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. இராசவள்ளி, மரவள்ளி, வத்தாளங்கிழங்கு முதலியவை நிற்கும் பாத்திகளுக்கு அருகில் கார்த்திகைப்பூவை ஒருபோதும் நடக்கூடாது. இன்று நட்ட உங்களுக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியும். ஐந்து ஆண்டுகள் கழித்து அந்தப் பாத்தியைக் கிண்டுபவருக்குத் தெரியாது. தவழும் வயதிலோ, கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் வயதிலோ குழந்தைகள் உள்ள வீட்டில், அவர்கள் வளரும்வரை இதைத் தள்ளிப்போடுவதே நல்லது என்பது என் கருத்து. ஆடுமாடுகளுக்கும் இது நஞ்சுதான். ஆகையால் பட்டிக்கு அருகிலும், ஆடு கட்டும் வேலியிலும் படரவிடக்கூடாது. வெட்டிய கொடியைக் குழையோடு சேர்த்து ஆட்டுக்குப் போடவும் கூடாது. கிழங்கைக் கையாளும்போது கையுறை அணிவதும், முடிந்ததும் கைகளைச் சவர்க்காரம் இட்டுக் கழுவுவதும் வழக்கமாகவேண்டும். இக்கிழங்கு வாத நோவுக்கும் தோல் நோய்க்கும் மருந்து என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் அதைச் சுத்தி செய்யும் முறையறிந்த வைத்தியரிடம் விட்டுவிடவேண்டும், வீட்டில் செய்து பார்க்கக்கூடாது.

கிழங்கு எங்கே கிடைக்கும்

விதையிலிருந்தும் வளர்க்கலாம், ஆனால் விதைச் செடி பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் எடுக்கும். ஆகவே வீட்டில் தொடங்குபவருக்குக் கிழங்கே ஏற்றது. கிழங்கு தேடிக் காட்டுக்குள் போகவேண்டாம். ஒதுக்கப்பட்ட காடுகளிலிருந்து அனுமதியின்றிச் செடிகொடி எடுப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வன்னியில் கண்ணிவெடி அகற்றப்படாத நிலமும், வெடிக்காத எறிகணைகள் புதைந்து கிடக்கும் நிலமும் இன்னும் இருக்கின்றன என்பது. மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகை இல்லாத இடத்திலும், நீண்டகாலம் எவரும் புழங்காத பற்றைக்குள் அலவாங்கை இறக்குவது ஆபத்து. ஒரு பூங்கொடிக்காக அத்தகைய இடத்தைக் கிண்டவேண்டிய தேவை இல்லை.

நம்பிக்கையான வழி, அயலவர் வளவுதான். கார்த்திகையில் யாருடைய வேலியில் பூத்திருக்கிறது என்று பார்த்துவைத்து, அவர்களிடம் கேட்டு, கொடியின் அடியில் ஒரு துணித்துண்டைக் கட்டிவிட்டு வாருங்கள். கொடி முற்றாகக் காய்ந்த பிறகு, மாசி அல்லது பங்குனியில் சென்று எடுக்கலாம். வீடு கட்டுவதற்காக ஜேசிபி இயந்திரத்தால் துப்புரவாக்கப்படும் காணிகள் இன்னொரு வழி. அங்கே எப்படியும் அழியப்போகும் கிழங்குகளை உரிமையாளரின் சம்மதத்தோடு முன்கூட்டியே எடுத்துவிடுவது, அவற்றைக் காப்பாற்றுவதுமாகும். தானாக முளைத்த கொடியின் கிழங்கு ஒரு சாணுக்கு மேற்பட்ட ஆழத்தில் இருக்கக்கூடும். நேர் மேலே குத்தாமல், அடித்தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கிடங்கு வெட்டி, பக்கத்திலிருந்து கையால் மண்ணை நீக்கிக்கொண்டு போகவேண்டும்.

வெளியே எடுத்த கிழங்கை ஒருமுறை உற்றுப் பார்த்தால், கலப்பைக் கிழங்கு என்ற பெயரின் பொருத்தம் விளங்கும். விரல் பருமனில் இரண்டு கைகள் ஒரு முனையில் பொருந்தி, ஏர்க்கலப்பை போல வளைந்து நிற்கும். மேல்தோல் மண்ணிறம்; உள்ளே வெண்மை. ஒவ்வொரு கையின் கூரிய நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண் இருக்கும். உருளைக்கிழங்கில் பல கண்கள் உண்டு, ஒன்று போனால் மற்றொன்று முளைக்கும், இங்கே அப்படியில்லை. நுனி முறிந்த கை பெரும்பாலும் முளைப்பதேயில்லை. ஆகையால் கிழங்கைக் கையில் எடுப்பதும், பையில் போடுவதும், மண்ணில் வைப்பதும் முட்டையைக் கையாள்வதுபோலச் செய்யப்படவேண்டும். இரண்டு கைகளும் நுனி முறியாமல் இருந்தால், அவை சேரும் முனையில் மெதுவாகப் பிரித்து இரண்டு கொடிகளாக நடலாம். பிரித்த வாயை நிழலில் இரண்டு மூன்று நாட்கள் உலரவிட்டு, சிறிது அடுப்புச் சாம்பல் தடவினால் அழுகல் குறையும்.

மாசியில் எடுத்ததை உடனே நிலத்தில் வைத்துவிடலாம். நட இடம் இன்னும் ஆயத்தமாகவில்லையென்றால், ஒரு பழைய மண்முட்டியில் காய்ந்த மணலை இட்டு, கிழங்குகளை அதற்குள் புதைத்து, காற்றோட்டமான நிழலில் உயரத்தில் வைக்கவேண்டும். முட்டியின் மேல் ‘நஞ்சு’ என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். குசினியிலும், வெங்காயமும் கிழங்கும் வைக்கும் இடத்திலும் அதை வைக்கவே கூடாது.

இடமும் மண்ணும்

ஓங்கிய மரத்தடியின் முழு நிழலில் இது பூக்காது. நாள் முழுவதும் காயும் சீமெந்துச் சுவரோரத்திலும் வாடும். அடி நிழலிலும் நுனி வெயிலிலும் இருக்கும் இடமே இதற்குப் பிடித்தது. இயற்கையில் இது பற்றைக்குள் முளைத்து, பற்றையின் மேலே தலை தூக்குவதை நினைவில் வைத்தால் இடம் தெரிவது எளிது. மாரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும். அது நேரே மோதும் வெளியில் மெல்லிய தண்டு முறிந்துவிடும். வீட்டின் மறைவிலோ கதியால் வேலியின் மறைவிலோ நடுவது நன்று.

மண்ணைப் பொறுத்தவரை இக்கொடி அதிகம் கேட்பதில்லை. வவுனியாவின் செம்மண்ணிலும் முல்லைத்தீவுக் கரையோரத்து மணலிலும் வளரும். ஆனால் நீர் தேங்கும் இடத்தை மட்டும் அது பொறுக்காது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெருவெள்ளம் வந்த 2018 மார்கழியில், எங்கள் வளவின் தாழ்ந்த மூலையில் பூத்துக்கொண்டிருந்த நான்கு கொடிகள் மூன்று நாட்கள் நீருக்குள் நின்றன. நீர் வடிந்ததும் கிண்டிப் பார்த்தபோது, கிழங்கின் தோல் மட்டும் இருந்தது; உள்ளே இருந்ததெல்லாம் கஞ்சிபோலக் கரைந்து போயிருந்தது. அதே வளவில், கிணற்றடி மேட்டில் நின்ற இரண்டு கொடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு, மழை பெய்துகொண்டிருக்கும்போதே குடையைப் பிடித்துக்கொண்டு வளவைச் சுற்றி வந்து, எந்த இடத்தில் நீர் நிற்காமல் ஓடுகிறது என்று பார்த்துத்தான் நடும் இடத்தைத் தீர்மானிக்கிறேன். முருங்கன் பக்கத்துக் களிமண் போன்ற கனத்த மண் உள்ளவர்களும், வயலோரத்தில் வீடு உள்ளவர்களும், ஓர் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி அமைத்து, மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி அதன்மேல் நடவேண்டும்.

நடுதல்

மாசி தொடக்கம் புரட்டாதி வரை எப்போது நட்டாலும், முளைப்பது மழைக்குப் பின்னர்தான். மாசி, பங்குனியில் இடம் பெயர்க்காமல் நேரே நட்டுவிடுவது எனக்குப் பிடித்த முறை. முட்டியில் சேமித்து வைத்திருப்பவர்கள், காலபோக விதைப்புக்கு நிலம் பண்படுத்தும் நாட்களில், புரட்டாதி நடுப்பகுதிக்குள் நட்டு முடிக்கவேண்டும். மழை தொடங்கிய பிறகு முட்டிக்குள்ளேயே முளைவிட்ட கிழங்கை நடும்போது, நீண்ட முளை முறிவது உறுதி என்றே சொல்லலாம்.

ஒரு முழ அகலத்தில் மண்ணைக் கொத்திப் பொருபொருவென்று ஆக்கி, ஒரு பங்கு மக்கிய மாட்டெருவும் சருகு உக்கிய மண்ணும் கலந்துகொள்ளுங்கள். பச்சைச் சாணம் சேர்க்கக்கூடாது. அது சூடேறிக் கிழங்கை அழுகச் செய்யும். மூன்று அங்குல ஆழத்தில் கிழங்கைப் படுக்கையாக வைத்து, முளைக்கண் உள்ள நுனி சற்று மேல்நோக்கும்படி அமைத்து மண்ணால் மூடவேண்டும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே ஒன்றரை அடி விடலாம். மூன்று அல்லது ஐந்து கிழங்குகளைக் கூட்டமாக நட்டால், தனித்து நிற்பதைவிட ஒன்றையொன்று பற்றி நன்றாக நிற்கும். நட்ட பின் தண்ணீர் ஊற்றவேண்டாம். மேலே ஒரு கைப்பிடி சருகு பரப்பிவிட்டு, மழைக்கு விட்டுவிடுங்கள்.

நடும் நாளிலேயே செய்யவேண்டிய இன்னொரு வேலை, அந்த இடத்தை அடையாளப்படுத்துவது. எங்கள் பக்கத்தில் பூப்பாத்திகளுக்கு வெற்றுப் போத்தல்களைத் தலைகீழாகப் புதைத்து வரம்பு கட்டும் வழக்கம் உண்டு. கிழங்கைச் சுற்றி அப்படி ஒரு வட்டம் கட்டிவிட்டால், எவ்வளவு காலம் ஆனாலும் இடம் மறக்காது. போத்தல் இல்லையென்றால் ஓட்டுத் துண்டோ, சுண்ணாம்பு பூசிய கல்லோ போதும். தடியை மட்டும் நட்டு வைப்பதை நம்பாதீர்கள். கோடையில் கறையான் அதைத் தின்றுவிடும்.

கொடிக்குப் பிடிமானம்

மழை விழுந்து இரண்டு தொடக்கம் நான்கு வாரங்களில் முளை வெளியே வரும். முதல் அடி உயரத்துக்கு நேராகவே வளரும். கீழ் இலைகள் சாதாரண இலைகளே. அதற்கு மேலே தோன்றும் இலைகளைக் கவனியுங்கள். காம்பில்லாத நீண்ட இலையின் நுனி மேலும் மெலிந்து நீண்டு, குழந்தையின் சுண்டுவிரல்போல வளைந்து, பட்டதைச் சுற்றிக்கொள்ளும். பாகலுக்கும் புடோலுக்கும் பற்றுவதற்கென்று தனிச் சுருள் இருக்கிறது. இக்கொடிக்கு இலையே கை. அந்த மெல்லிய நுனியால் பருமனான கதியாலையோ சீமெந்துத் தூணையோ பற்றமுடியாது. எழுதும் பென்சிலைவிட மெல்லியதாக உள்ள எதையும் அது பற்றும். ஆகையால் வேலிக் கம்பி, கம்பிவலை, நூல், பற்றையின் சிறு கொப்புகள் ஆகியவையே இதற்கு ஏற்ற பிடிமானம்.

நான் செய்வது, விடத்தல் அல்லது பனிச்சையின் சிறுகிளைகள் நிறைந்த காய்ந்த கொப்புகளை, ஆளுயரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வெட்டி, கிழங்கைச் சுற்றி மூன்று இடத்தில் ஊன்றுவது. கிழங்கு முளைத்த பிறகு ஊன்றினால் கூர் அடி கிழங்கைத் துளைத்துவிடும். ஆகவே முளைப்பதற்கு முன்னரே, போத்தல் வட்டத்துக்கு வெளியே ஊன்றிவிடவேண்டும். கொடி இரண்டு மூன்று மீற்றர் வரை ஏறும். அதை நாமே பிடித்துச் சுற்றிவிடவோ, வேறு பக்கம் திருப்பவோ முயலக்கூடாது. தண்டு சட்டென்று முறியும் தன்மையுடையது. முதன்மைத் தண்டு அடியில் முறிந்தால், அந்த ஆண்டுக்குப் பெரும்பாலும் வேறு தளிர் வராது. இதன் பொருட்டே, வேலியோரப் புல்லை இயந்திரத்தால் வெட்டுபவர்களிடம் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவைப்பது அவசியம்.

மாரியில் தண்ணீர் தேவையில்லை. மழை பத்து நாட்களுக்கு மேல் விட்டு இலை தொய்ந்தால் மட்டும், மாலையில் அடியில் ஒரு வாளி ஊற்றினால் போதும். யூரியா இடுவது இலையைத்தான் பெருக்கும். பூ மொட்டு வரும் நேரத்தில் ஒரு கைப்பிடி மக்கிய எருவை மேலே தூவுவதற்கு மேல் நான் எதுவும் இடுவதில்லை.

பூக்கும் காலம்

முளை வந்து ஏழெட்டு வாரங்களில் மொட்டுகள் தோன்றும். மொட்டு பச்சை நிறத்தில், நீண்ட காம்பில் நிலத்தை நோக்கித் தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் கீழே விரியாமல் மேல்நோக்கி மடங்கி, பூ தன்னைத்தானே உள்வெளியாகத் திருப்பிக்கொண்டதுபோல நிற்கும். முதல் நாளில் பச்சை கலந்த மஞ்சள். அடுத்த நாட்களில் நுனியிலிருந்து சிவப்பு இறங்கும். கடைசியில் முழுப் பூவும் கடுஞ்சிவப்பாகும். ஒரே கொடியில் வெவ்வேறு நாட்களில் விரிந்த பூக்கள் இருப்பதால், மேலே பச்சை மொட்டும், நடுவே மஞ்சள் பூவும், கீழே சிவந்த பூவும் ஒரே நேரத்தில் காணக் கிடைக்கும். அலை அலையாக நெளியும் அந்த இதழோரத்தில் காலை மழைத்துளி நிற்கும்போது, அருகே போய் நிற்காமல் என்னால் வீட்டுப் படலையைக் கடந்து போகமுடிவதில்லை.

அப்படி நிற்கும்போது பூவின் நடுவைப் பாருங்கள். ஆறு மகரந்தத் தாள்களும் வண்டிச் சில்லின் ஆரங்கள்போல நாற்புறமும் நீண்டிருக்கும். சூல்பையிலிருந்து எழும் தண்டு மட்டும் நேராகப் போகாமல், அடியிலேயே செங்கோணமாக மடங்கிப் பக்கவாட்டில் நீண்டிருக்கும். தன் மகரந்தம் தன் சூல்முடியில் எளிதில் படாமலிருக்க அமைந்த ஏற்பாடு இது. வண்ணத்துப்பூச்சிகளும் தேனீக்களும் தேன்சிட்டுகளும் ஒரு பூவிலிருந்து மற்றொரு பூவுக்குப் போகும்போதுதான் மகரந்தம் மாறும். தனியாக ஒரு கொடி மட்டும் நிற்கும் வளவில் காய் குறைவாகப் பிடிப்பதற்கு இதுவே காரணம். விதை வேண்டுமென்றால், காலையில் மழையில்லாத நேரத்தில், மெல்லிய தூரிகையால் ஒரு கொடியின் பூவிலிருந்து மகரந்தத்தைத் தொட்டு, வேறொரு கொடியின் பூவில் அந்தப் பக்கவாட்டுத் தண்டின் நுனியில் தடவிவிடலாம். விதையில் விருப்பமில்லாதவர்களும் குழந்தைகள் வந்துபோகும் வீட்டாரும், காய் சிறிதாக இருக்கும்போதே கிள்ளி ஆழமாகப் புதைத்துவிடுவது பாதுகாப்பானது. முற்றிய காய் வெடித்தால் தெரியும் செம்மஞ்சள் விதைகள் சிறுபிள்ளைகளின் கண்ணைக் கவரும்.

பூவைப் பறித்துச் சாடியில் வைக்கலாம். ஆனால் நீண்ட தண்டோடும் இலைகளோடும் வெட்டக்கூடாது. அந்த இலைகள்தான் அடுத்த ஆண்டுக்கான கிழங்கை உண்டாக்குகின்றன. பூக்காம்பை மட்டும் கிள்ளுவதே போதும்.

நோய்நொடி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கவனிக்கவேண்டியது ஒரேயொரு புழுவை. கரிய உடலில் வெள்ளையும் செம்மஞ்சளுமாகப் புள்ளிகள் கொண்ட அப்புழு, நச்சு இலையைத் தின்றே வளர்வது. முட்டைகளை இலையின் அடிப்புறத்தில் கூட்டமாக இட்டிருக்கும். கவனியாமல் விட்டால் சில நாட்களில் இலை முழுவதையும் மொட்டோடு தின்று தண்டை மட்டும் விட்டுவிடும். கார்த்திகையில் இரண்டு நாட்களுக்கு ஒருமுறை இலைகளைத் திருப்பிப் பார்த்து, முட்டையுள்ள இலைத்துண்டைக் கிள்ளி எடுப்பதும், புழுவைக் கையுறையோடு பொறுக்குவதும் போதும். ஒரு வீட்டு வேலியிலுள்ள ஐந்தாறு கொடிகளுக்கு நஞ்சு தெளிப்பது தேவையற்றது. அதே பூவுக்கு வரும் வண்ணத்துப்பூச்சிகளும் அதனால் சாகும்.

காய்ந்த பிறகுதான் கவனம்

தை முற்பகுதியில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கும். பொங்கலுக்கு முற்றமும் வேலியும் துப்புரவாக்கும் நாட்களும் அவையே என்பதால், இக்கொடிக்கு ஆண்டின் மிகப் பெரிய ஆபத்து அப்போதுதான் வருகிறது. ஓராண்டு நான் வெளியூரில் இருந்தபோது, பொங்கலுக்கு வந்த என் சித்தி, அரைவாசி மஞ்சளாகி அழகற்று நின்ற கொடிகளையெல்லாம் அடியோடு அரிந்து, கொப்புகளையும் பிடுங்கி, முற்றத்தைப் பெருக்கிக் கோலமும் போட்டுவைத்திருந்தார். அன்போடு செய்த வேலை. குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் அடுத்த மாரியில் மெலிந்த கொடிகள் வந்தனவே தவிர, ஒன்றிலும் பூ வரவில்லை. மீண்டும் பூப்பதற்கு இன்னோர் ஆண்டு காத்திருக்கவேண்டியிருந்தது.

காரணம் இதுதான். ஆண்டுதோறும் பழைய கிழங்கு கொடிக்கு உணவாகிச் சுருங்கி மறைய, அதன் இடத்தில் புதிய கிழங்கு உருவாகிறது. பூத்து முடிந்த பிறகு இலையும் தண்டும் சேர்த்துவைக்கும் உணவே அந்தப் புதிய கிழங்கு. இலை பச்சையாகவோ பாதி மஞ்சளாகவோ இருக்கும்போது வெட்டினால், கிழங்கு நிரம்பாமலே நின்றுவிடும். ஆகையால் தண்டு தானே காய்ந்து, மெதுவாக இழுத்தால் கையோடு வரும் நிலைக்கு வரும்வரை, பெரும்பாலும் மாசி வரை, அதைத் தொடாமல் விடவேண்டும். வீட்டிலுள்ள எல்லோருக்கும், துப்புரவு வேலைக்கு வருபவருக்கும் இதை முன்கூட்டியே சொல்லவேண்டும்.

கொடி மறைந்த பிறகு, பங்குனி தொடக்கம் ஆவணி வரை, போத்தல் வட்டத்துக்குள் செய்யவேண்டிய வேலை எதுவும் இல்லை. செய்யக்கூடாத வேலைகளே உள்ளன. தண்ணீர் ஊற்றக்கூடாது. கோடையில் வாழைக்கும் கத்தரிக்கும் பாய்ச்சும் நீர் அந்தப் பக்கம் வழிந்தால்கூட உறங்கும் கிழங்கு அழுகும். எனவே வாய்க்காலுக்கும் குளிக்கும் கிணற்றடிக்கும் நன்றாகத் தள்ளி நட்டிருக்கவேண்டும். மண்வெட்டியால் கொத்தக்கூடாது. வேலியோரச் சருகைக் கூட்டி அந்த இடத்தின்மேல் எரிக்கக்கூடாது. மூன்று அங்குல ஆழத்தில் இருக்கும் கிழங்குக்கு அந்தச் சூடு போய்ச் சேரும். எரிப்பதற்குப் பதிலாக அந்தச் சருகையே இரண்டு அங்குல கனத்தில் வட்டத்துக்குள் பரப்பிவிட்டால், சோளகம் வீசும் வைகாசி, ஆனி மாதங்களின் வெக்கையிலிருந்து அது மண்ணைக் காக்கும். மழை வந்ததும் உக்கி எருவாகும். களைநாசினி தெளிப்பவர்கள் வட்டத்தைச் சுற்றி ஒரு முழம் விட்டுத் தெளிக்கவேண்டும். அடிக்கடி வேற்றாட்கள் வந்துபோகும் வளவென்றால், கிழங்கு நஞ்சு என்று எழுதிய சிறு பலகை ஒன்றும் அங்கே இருக்கட்டும்.

மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, கொடிகள் நெருங்கிப் பூ சிறுத்தால், மாசியில் கிண்டி எடுத்துப் பிரித்து நடலாம். அதற்கு முன்னர் கிழங்கு எப்படி இருக்கிறதென்று பார்க்கும் ஆவலில் கிண்டவேண்டாம்.

காணி இல்லாதவர்களும் வாடகை வீட்டில் இருப்பவர்களும் சாடியில் வளர்க்கலாம். ஓர் அடிக்குக் குறையாத ஆழமும், அடியில் நீர் வடியும் துளைகளும் உள்ள சாடியோ பழைய வாளியோ போதும். மண் கலவையும் ஆழமும் முன்சொன்னவாறே. கொடி காய்ந்ததும் சாடியை அப்படியே தாழ்வாரத்தின் உள்ளே, மழையும் நீரும் படாத இடத்துக்கு நகர்த்திவிட்டு, புரட்டாதியில் மீண்டும் வெளியே வைத்தால் வேலை முடிந்தது.

விதையிலிருந்து வளர்க்க விரும்புபவர்கள், காய் வெளிறிச் சுருங்கத் தொடங்கும்போது பறித்து, செந்நிறத் தசையைக் கையுறையோடு கழுவி நீக்கி, நிழலில் உலர்த்தி, அடுத்த மாரியின் தொடக்கத்தில் மணல் கலந்த பாத்தியில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றலாம். முளைக்க மூன்று வாரமும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். முதலாண்டில் ஓரிரு இலைகளோடு நின்று மறைந்துவிடும் அந்தச் சிறு நாற்றைப் புல் என்று நினைத்துப் பிடுங்கிவிடாமல் இருப்பதே அங்கே பெரிய வேலை.

ஆவணி கடைசியில், கிழக்கே மேகம் கூடத் தொடங்கும் நாட்களில், சென்ற ஆண்டின் உக்கிய கொப்புகளை எடுத்துவிட்டுப் புதிய கொப்புகளை ஊன்றுங்கள். வட்டத்துக்குள் கனத்துக் கிடக்கும் சருகைக் கையால் சற்று விலக்கி, முளை வருவதற்கு வழிவிடுங்கள். புரட்டாதி மழைக்குப் பிறகு தினமும் காலையில் ஒருமுறை குனிந்து பார்த்தால், ஈரமண்ணில் முதலில் ஒரு சிறு வெடிப்பும், இரண்டொரு நாளில் அதன் நடுவே இலைகளை இறுகச் சுருட்டிக்கொண்டு கூராக நிற்கும் இளம்பச்சை முளையும் தெரியும். அன்றிலிருந்து அந்தப் பக்கம் கோழி கிளறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.